தோட்டா மேசையா, பெல்லட் மேசையா?

சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடாமல், அதிலேயே புதிதாக மருந்தும் குண்டும் வைத்துத் திரும்பச் சுடும் வேலைக்கு ரீலோடிங் என்று பெயர். அமெரிக்கக்காரர்கள் தங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் இரும்புப் பிரஸ்ஸை மேசையில் முடுக்கிவைத்து, கைப்பிடியை இழுத்து இழுத்துத் தோட்டாவை வரிசையாக அடுக்கும் வீடியோக்களை இன்று கமுதியிலும் அபிராமத்திலும் உட்கார்ந்து பார்க்கிறோம். கல்லூரியில் ஏர் ரைஃபிள் பழகிவிட்டு ஊர் திரும்பிய பிள்ளைகள், அப்பா காலத்து உரிமத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பிரஸ் வாங்கலாம்?"

எதையும் வாங்க வேண்டாம். இந்த அத்தியாயத்தின் முதல் பாதி ஏன் வேண்டாம் என்பதைச் சொல்கிறது. அந்தப் பணத்தில் வீட்டில் எந்த மேசையைப் போட்டால் உங்கள் சுடுதல் உண்மையிலேயே முன்னேறும் என்பது மீதிப் பாதி.

சட்டம் எங்கே நிற்கிறது

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 5-இல், உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிக்கக் கூடாது என்கிறது. இதைப் பலர் அறிவார்கள். அதே சட்டத்தின் பிரிவு 2-ஐப் பலர் படிப்பதில்லை. 'தோட்டா' என்றால் என்ன என்று விளக்கும் அந்தப் பிரிவு, தோட்டாவின் பாகங்களையும் தோட்டா தயாரிக்கும் எந்திரங்களையும் தோட்டா என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கிவிடுகிறது. மருந்து ஒரு சிட்டிகைகூட வீட்டில் இல்லை, பிரஸ் மட்டும் சும்மா மேசையில் இருக்கிறது என்று சொல்லித் தப்ப முடியாது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாத தயாரிப்புக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம்.

ஆகவே வெளிநாட்டுக்குச் சபர் போய் வரும் மச்சானிடம் "வரும்போது ஒரு ரீலோடிங் செட் எடுத்து வாங்க" என்று சொல்லி அனுப்பாதீர்கள். விமான நிலையத்தில் மாட்டப்போவது அவர். வெளிநாட்டுக் கடையில் ஆன்லைனில் ஆர்டர் போட்டு வீட்டு முகவரிக்கு வரவழைப்பதும் அதே வம்புதான். உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர் தோட்டா வாங்க வேண்டிய இடம் உரிமம் பெற்ற கடை. சந்தேகம் வந்தால் கேட்க வேண்டிய இடம், உரிமம் வழங்கும் ஆட்சியர் அலுவலகத்தின் ஆயுத உரிமப் பிரிவு.

இன்னொரு பேச்சும் நம் பக்கம் அடிக்கடி அடிபடுகிறது. சிவகாசி பக்கத்தில்தானே இருக்கிறது, மருந்துக்கா பஞ்சம் என்பார்கள். உயிர் போகும் பேச்சு இது. துப்பாக்கித் தோட்டாவுக்குள் இருக்கும் புகையில்லா மருந்து, குழலுக்குள் குண்டு நகர நகரக் கட்டுப்பாடாக எரிந்து அழுத்தத்தைக் கூட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. மணியின் வடிவம், பருமன், மேல்பூச்சு எல்லாம் அந்தக் கணக்கில்தான் அமைகின்றன. அலுமினியத் தூளும் கந்தகமும் கலந்த வெடி மருந்தோ நொடியின் மிகச் சிறிய பங்கில் மொத்தமாக எரிந்து தீரும். குண்டு கிளம்புவதற்கு முன்பே குழலின் பின்பகுதி பிளக்கும். அந்தப் பின்பகுதிக்கு நேர் எதிரே இருப்பது சுடுபவரின் கண்.

தேவையே இல்லை என்பதுதான் பெரிய காரணம்

சட்டம் தடுக்கிறதே என்று மனம் சுணங்க வேண்டியதில்லை. ஒலிம்பிக்கில் இன்று நடக்கும் ரைஃபிள், பிஸ்டல் போட்டிகளை எடுத்துப் பாருங்கள். 10 மீட்டர் போட்டிகள் முழுக்க 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கி. 50 மீட்டர் ரைஃபிளும் 25 மீட்டர் பிஸ்டலும் .22 தோட்டா. இந்த .22 தோட்டாவில் தீப்பற்ற வைக்கும் மருந்து கூட்டின் அடிவிளிம்புக்குள்ளேயே சுற்றிப் பூசப்பட்டிருக்கும். சுத்தி அந்த விளிம்பை நசுக்கும்போதுதான் அது பற்றுகிறது. ஒருமுறை நசுங்கிய விளிம்பு நசுங்கியதுதான். பெரிய தோட்டாக்களில் இருப்பதுபோலத் தனியே கழற்றி மாற்றக்கூடிய கேப் அதில் கிடையாது. உலகச் சாம்பியனாக இருந்தாலும் தொழிற்சாலையில் செய்த .22 தோட்டாவை வாங்கித்தான் சுட வேண்டும்.

கடலூரில் பிறந்து அகமதாபாதில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையிலும், அதே ஆண்டு புதியானில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியிலும் தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா வீட்டோடு சேர்த்து அமைத்துக்கொண்டதும் ஏர் ரைஃபிளுக்கான கூடம்தான். மனு பாக்கர் 2024-இல் பாரிஸில் வாங்கிய இரண்டு வெண்கலமும் ஏர் பிஸ்டலில் வந்தவை. நம் ஊர்ப் பிள்ளை எட்டிப் பிடிக்க வேண்டிய உயரம் இந்தக் காற்றுத் துப்பாக்கியிலேயே இருக்கிறது.

ரீலோடிங் உரியது வேறு ஊர்களுக்கு. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் உள்ளூர் விதிகளுக்கு உட்பட்டு அது அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு. ஹூஸ்டனிலோ டொராண்டோவிலோ இருந்து இந்நூலைப் படிப்பவர்களுக்கு மட்டும் சில வரிகள். பெரிய துளை ரைஃபிளில் தூரக் குறி சுடுபவருக்கு அது பயன்படும். மாதம் ஒரு பெட்டி பிஸ்டல் தோட்டா மட்டும் சுடுபவருக்குப் போட்ட முதல் திரும்பாது. ஆரம்பத்தில் ஒரு இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் ஒற்றை நிலைப் பிரஸ் போதும். ஒரே இழுப்பில் நான்கு வேலை செய்யும் தொடர் பிரஸ்ஸில் மருந்து இரட்டிப்பாக விழுந்தால் புதியவர் கண்ணில் படாது. பிரஸ்ஸில் மிச்சம் பிடித்துத் தராசில் செலவழியுங்கள். மருந்தளவை அச்சிட்ட கையேட்டிலிருந்து மட்டுமே எடுங்கள், நண்பர் சொன்ன அளவை எடுக்காதீர்கள். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். இனி அபிராமத்துக்குத் திரும்புவோம்.

இரண்டரை மில்லிமீட்டர்

ரீலோடிங் செய்பவர் உண்மையில் தேடுவது ஒவ்வொரு குண்டும் முந்தைய குண்டைப் போலவே போக வேண்டும் என்பதைத்தான். காற்றுத் துப்பாக்கியில் மருந்து கிடையாது, கூடு கிடையாது. மிஞ்சுவது ஈயப் பெல்லட் மட்டும். ஆகவே அந்தத் தேடல் முழுவதும் சரியான பெல்லட்டைத் தேர்ந்தெடுப்பதில் வந்து நிற்கிறது. இதற்கு உரிமம் வேண்டாம், தீ ஆபத்தும் இல்லை. நல்ல மேசை ஒன்றும் பொறுமையும் போதும்.

எவ்வளவு துல்லியம் தேவை என்பதை முதலில் கணக்குப் போடுங்கள். செலவை முடிவு செய்யப்போவது இந்தக் கணக்குதான். ஏர் ரைஃபிள் அட்டையில் பத்துப் புள்ளிக்கான வட்டம் வெறும் 0.5 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு புள்ளி. பெல்லட்டின் விளிம்பு அதைத் தொட்டாலே பத்து. பெல்லட்டின் ஆரம் 2.25 மி.மீ., புள்ளியின் ஆரம் 0.25 மி.மீ. ஆக, பெல்லட்டின் மையம் அட்டையின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தாக வேண்டும். தசமக் கணக்கில் ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் 0.25 மி.மீ. வித்தியாசம். 60 சுட்டில் தகுதிச் சுற்றின் உச்ச எண்ணிக்கை 654.0 என்னும்போது, அந்தக் கால் மில்லிமீட்டர்களைக் கூட்டித்தான் தரவரிசை வருகிறது.

ஏர் பிஸ்டலில் கதையே வேறு. பத்து வட்டம் 11.5 மி.மீ. பெல்லட்டின் மையம் 8 மி.மீ. வரை விலகினாலும் பத்துதான். ஒரு கையை நீட்டிப் பிடித்துச் சுடும் இந்த விளையாட்டில், பெல்லட் செய்யும் பிழை கை செய்யும் பிழைக்குள் காணாமல் போய்விடும். எனவே பிஸ்டல் சுடுபவர் கீழே சொல்லும் சோதனைகளில் பாதியை விட்டுவிடலாம். ஓரளவு நல்ல மேட்ச் பெல்லட் வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தைக் கைக்கு அளவெடுத்த பிடியில் போடுங்கள். விசையை இழுக்கும் பழக்கத்தில் நேரத்தைப் போடுங்கள். ரைஃபிள்காரரோடு போட்டி போட்டுப் பெல்லட் ஆராய்ச்சி செய்யும் பிஸ்டல்காரர் நேரத்தை வீணாக்குகிறார் என்பதே என் துணிந்த கருத்து.

டின்னில் எதைப் படிப்பது

குறி சுடும் பெல்லட்டின் மூக்கு தட்டையாக இருக்க வேண்டும். அட்டையில் பஞ்ச் போட்டதுபோல ஓட்டை விழும், எண்ணிக்கை பார்ப்பது எளிது. கூர்மூக்குப் பெல்லட் அட்டையைக் கிழித்துவிடும். எடை ரைஃபிளுக்கு 0.53 கிராம் அளவில் இருக்கட்டும். பிஸ்டலுக்குச் சற்று இலகுவானது, 0.45 முதல் 0.49 கிராம் வரை. ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் ஆகிய இரண்டும் இந்த எடைகளில் ரைஃபிளுக்கும் பிஸ்டலுக்கும் தனித்தனியாக வருகின்றன. டின்னுக்கு 500 பெல்லட். பழகும் காலத்தில் விலை குறைந்த பெல்லட் போதும். ஆனால் போட்டிக்கு எதைச் சுடப் போகிறீர்களோ அதிலேயே கடைசி ஒரு மாதமாவது பழகுங்கள்.

டின்னில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று தலையளவு: 4.49, 4.50, 4.51 என்று இருக்கும். உங்கள் குழலுக்கு எது பொருந்தும் என்பதைப் புத்தகம் சொல்லாது, குழல்தான் சொல்லும். மற்றொன்று லாட் எண், அதாவது எந்தத் தொகுப்பில் தயாரானது என்பதைக் காட்டும் எண். ஒரே கம்பெனி, ஒரே தலையளவு, ஒரே விலையாக இருந்தும் லாட் மாறினால் கூட்டம், அதாவது அட்டையில் ஓட்டைகள் சேர்ந்து விழும் பரப்பு, மாறும். பக்கத்து வீட்டுப் பையனின் ரைஃபிளில் அற்புதமாகப் போகும் லாட் உங்கள் ரைஃபிளில் சிதறலாம். ஆகையால் எடுத்த எடுப்பில் பத்து டின் வாங்காதீர்கள். இரண்டு மூன்று லாட்டில் ஒவ்வொரு டின் வாங்கிச் சோதியுங்கள். ஜெயிப்பது எதுவோ அதே லாட்டில் மொத்தமாக வாங்குங்கள். கிளப் வழியாக நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால், சோதனை டின்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

மேசையில் என்ன இருக்க வேண்டும்

கண்ணாடித் துண்டு ஒன்று, பூதக்கண்ணாடி ஒன்று, டிஜிட்டல் வெர்னியர் ஒன்று, வெள்ளை வெளிச்சம், தடித்த அட்டைகள், ஒரு நோட்டு. இவ்வளவுதான். தராசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கண்ணாடித் துண்டின் ஒரு முனையை லேசாக உயர்த்துங்கள். பெல்லட்டைப் படுக்கவைத்து மேலிருந்து விடுங்கள். பெல்லட்டின் தலையும் பாவாடை எனப்படும் விரிந்த பின்பகுதியும் வேறு வேறு அளவில் இருப்பதால் அது நேராக உருளாது, வளைந்து உருளும். ஒழுங்கான பெல்லட்டுகள் ஒரே வளைவில் போய் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். பாவாடை நசுங்கிய பெல்லட் தத்தித் தத்திப் போய்த் தனியே ஒதுங்கும். அதை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் விளிம்பில் ஒரு மடிப்போ சொட்டையோ தெரியும். குழலை விட்டு வெளியேறும் நொடியில் அந்தச் சொட்டை வழியாகக் காற்று ஒரு பக்கமாகப் பீறும், பெல்லட் மறு பக்கம் சாயும். நன்றாகப் பிடித்துச் சுட்டும் ஒன்று மட்டும் 9-இல் விழுகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்குப் பாதி நேரம் காரணம் இதுதான். டின்னைக் கீழே போடாமலும், அள்ளும்போது விரலால் அழுத்தாமலும், தட்டில் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்தாலே இந்தக் கழிவு பெரிதும் குறையும்.

இப்போது தராசு. நகைக்கடையில் இருப்பதுபோல 0.001 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு இன்று எளிதாகக் கிடைக்கிறது. வாங்கியவர்கள் 500 பெல்லட்டையும் எடை போட்டுக் கிண்ணம் கிண்ணமாகப் பிரிப்பதைப் பார்க்கிறோம். கணக்கைப் பாருங்கள். வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டரைக் கடக்க 0.06 வினாடி ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை 17 மி.மீ. கீழே இழுக்கிறது. எடை 0.01 கிராம் கூடினால் வேகம் ஒரு சதவீதம் அளவுக்குக் குறையும். பெல்லட் இறங்கும் கூடுதல் தூரம் 0.3 மி.மீ. ரைஃபிளில் அது 0.1 புள்ளி, பிஸ்டலில் அரைப் புள்ளியின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நல்ல மேட்ச் டின்னுக்குள் எடை வேறுபாடு பொதுவாக 0.01 கிராமுக்கும் குறைவாகவே இருக்கும். எனவே ஒரு டின்னில் முப்பது பெல்லட்டை எடை போட்டுப் பாருங்கள். நெருக்கமாக இருந்தால் தராசை மூடிவையுங்கள். விலகி விலகி இருந்தால் அந்த லாட்டையே பழக்கத்துக்கு ஒதுக்குங்கள். 500-ஐயும் எடை போடும் நேரத்தில், வெற்றுத் துப்பாக்கியில் விசை பழகலாம்.

லாட்டைச் சோதிக்கும் முறை

ரைஃபிளை ரப்பர் வைத்த வைஸில் பிடித்துவைப்பது சிறந்தது. வசதி இல்லையென்றால் மணல் மூட்டை மேல் படுக்கவையுங்கள். லாட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குழலை மடக்கி அழுத்தும் ஸ்பிரிங் துப்பாக்கியை மூட்டை மேல் நேரடியாக வைத்தால் அது துள்ளி, கூட்டம் கெடும். மூட்டை மேல் உள்ளங்கையை வைத்து, அதன் மேல் துப்பாக்கியை இறுக்காமல் கிடத்துங்கள்.

லாட்டை மாற்றும்போது குழலுக்குள் முந்தைய ஈயப் படிவு இருக்கும். முதல் ஐந்து சுட்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு பத்துப் பத்தாக மூன்று கூட்டம், ஒவ்வொன்றும் புது அட்டையில். ஓட்டையின் வெளிவிளிம்பிலிருந்து எதிர் வெளிவிளிம்பு வரை வெர்னியரால் அளந்து எழுதுங்கள். மையம் 2.5 மி.மீ.க்குள் என்று பார்த்தோமே, அந்தக் கணக்கில் 9.5 மி.மீ. வரை எல்லாமே பத்து. ஆனால் உங்கள் கைப்பிழைக்கும் இடம் விட வேண்டும். நல்ல குழலில் நல்ல லாட் 6 மி.மீ.க்குள் அடங்கும். 8 மி.மீ.யைத் தாண்டினால் போட்டிக்கு வேண்டாம். மூன்று கூட்டங்களில் மிகச் சிறியதைக் காட்டிப் பெருமைப்படாதீர்கள், மிகப் பெரியதை வைத்து முடிவெடுங்கள். போட்டியன்று உங்களுக்கு வாய்க்கப்போவது அந்தப் பெரியதாகவும் இருக்கலாம்.

ஈயமும் காற்றும்

பெல்லட் என்பது ஈயம். வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கத்தை இன்றே விடுங்கள். சுட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தட்டில் கை வைக்காதீர்கள். பெல்லட் விழும் இடத்தை விளக்குமாற்றால் கூட்டினால் ஈயத்தூள் பறக்கும், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். தவழும் குழந்தை உள்ள அறையில் இந்த மேசையே கூடாது. சுட்டுச் சேர்ந்த ஈயத்தை வலைக்குக் கட்டத் தாருங்கள் என்று கடற்கரைச் சொந்தக்காரர்கள் கேட்கலாம். அதை வீட்டு அடுப்பில் உருக்க மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஈயப் புகை முதலில் பாதிப்பது பிள்ளைகளின் மூளையை. மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, உலோகக் கழிவை முறையாக எடுப்பவரிடம் ஒப்படையுங்கள்.

ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று கூடுதல் தலைவலி. திறந்த டின்னில் பெல்லட் மேல் வெள்ளைப் பூச்சு படியும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் டின்னை வையுங்கள். அபிராமம் உள்நாடு என்பதால் அந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் மழைக்காலத்தில் இதே ஏற்பாடு நல்லது.

மேட்ச் ரைஃபிளின் காற்றுச் சிலிண்டர் 200 பார் அழுத்தம் தாங்கும். பஞ்சர் கடை கம்ப்ரஸர் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. கைப்பம்பு வாங்கினால் ஈரம் பிடிக்கும் வடிகட்டியோடு வாங்குங்கள். அந்த வடிகட்டியை அடிக்கடி மாற்றுங்கள், ஈரம் உள்ளே போனால் சிலிண்டர் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். வெல்டிங் பட்டறையில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறதே, அதில் நிரப்பித் தருகிறேன் என்று யாராவது அன்போடு சொன்னால் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். அழுத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் ஒரு துளி எண்ணெயைத் தொட்டாலும் வெடிக்கும். சிலிண்டரின் மேல் பொறித்த தேதியையும் பாருங்கள். பத்து ஆண்டு கடந்ததை மாற்றியே ஆக வேண்டும். போட்டியில் கருவிச் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இடம்

சுடும் கோட்டிலிருந்து அட்டை வரை 10 மீட்டர், நிற்பதற்கும் பின்னால் பெட்டி வைப்பதற்கும் சேர்த்து 12 மீட்டர் நீளம் தேவை. முன்வாசலிலிருந்து கொல்லை வரை நேராக ஓடும் நம் பழைய வீடுகளில் இந்த நீளம் பெரும்பாலும் உண்டு. நீளத்தைவிட முக்கியம் குறுக்கே திறக்கும் கதவுகள். அட்டைக்கும் உங்களுக்கும் நடுவே எந்தக் கதவும் உள்ளிருந்து தாழிடாமல் இருக்கக் கூடாது. அட்டையின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரம். அதன் பின்னே, பெல்லட்டைக் கீழ்நோக்கித் திருப்பும்படி 45 டிகிரி சாய்த்த இரும்புத் தகடு வைத்த பெட்டி. கமுதியிலோ பரமக்குடியிலோ எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்து தருவார்கள். பெட்டிக்குப் பின்னால் செங்கல் சுவர் இருக்க வேண்டும். மொட்டை மாடியில் வேண்டாம். சுடுபவரும் பார்ப்பவரும் கண்ணாடி அணியுங்கள்.

4.5 மி.மீ. துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. மேட்ச் ரைஃபிளின் ஆற்றல் சுமார் 7.5 ஜூல்தான். வாங்கிய பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். மிளகாய்க் கொல்லையில் மயில் இறங்குகிறது, புறா மேய்கிறது என்று துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது, தண்டனை சிறை. அட்டை ஒன்றே உங்கள் குறி.

நோட்டில் ஒவ்வொரு டின்னின் லேபிளையும் நறுக்கி ஒட்டுங்கள். பக்கத்தில் லாட் எண், தலையளவு, மூன்று கூட்டங்களின் அளவு, சோதித்த தேதி. அந்த லாட்டில் கடைசி இரண்டு டின் மிச்சம் இருக்கும்போதே அடுத்த லாட்டைச் சோதிக்கத் தொடங்குங்கள்.